மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு கிறீச்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் பணிவுடன் எழுதுவது.

இங்கே நான், தங்கள் தங்கை, தங்கள் மருமகளான நம் பெண் மூவரும் நலம். என் கழுத்து மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் தாங்கள் அனுப்பிய மூன்று டிக்கெட்டுகள். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தாங்கள் பார்த்துச் சொன்ன நாடகக்காரப் பையனுக்கு நம் பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தீர்கள். பெண் சரி என்கிறாள். தங்கள் தங்கை சரி என்கிறாள். நான் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். நான் வியாபாரி, சரக்கைக் கண்ணால் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். அதனால்தான் கடையை அரை நாள் அடைத்துவிட்டு இவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மதிய ஆட்டத்துக்குப் போனேன்.

நூற்றிருபது வருஷத்துக் கொட்டகை என்று வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டியிருக்க வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தாலே தெரிகிறது. மூன்றாம் வரிசை, நல்ல இடம் என்றீர்களே, எனக்கு நேர் முன்னால் ஒரு தூண். மேடையில் வலது பாதியைப் பார்க்க வலது பக்கம் சாய வேண்டும், இடது பாதிக்கு இடது பக்கம். டார்ச் அடித்து இடம் காட்டிய அம்மாவிடம், "ஏம்மா, இந்தத் தூணைப் பார்க்கவா டிக்கெட்டு?" என்று கேட்டேன். "அந்தத் தூண் இல்லன்னா மாடியில இருக்கறவங்க உங்க மடியில இருப்பாங்க ஐயா, பேசாம உட்காருங்க" என்றுவிட்டது அந்த அம்மா. இடப்பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். இதே நாடகத்தைப் பதினோரு தடவை பார்த்தவராம். "இப்ப அந்தம்மா அழும் பாருங்க" என்பார், அழும். "இப்ப விளக்கு அணையும்" என்பார், அணையும். இவர் ஒருவரே போதுமே, மேடை மேல் எதற்கு இத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

கதை இதுதான். நம் பையன் கண் தெரியாதவனாக வருகிறான். சின்ன வயதில் விட்டுவிட்டுப் போன அப்பா என்றைக்காவது வருவார் என்று ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறான். அறைக்கு ஒரே கதவு. யார் திறந்தாலும் அது கிறீச்சென்று கத்தும், அவன் "யாரது?" என்று திரும்புவான். பால்காரர் வந்தார், கிறீச். அத்தை வந்தாள், கிறீச். கடன் கேட்க ஒருத்தன் வந்தான், கிறீச். எனக்குப் பல் கூசிப் போய்விட்டது. மச்சான், முப்பது வருஷமா பூட்டு, தாழ்ப்பாள், கீல் விற்றுச் சாப்பிடுகிறவன் நான். சாக்குப்பையில் பூட்டுகளைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய காலத்தில், எந்த வீட்டுக் கதவு கத்தினாலும் முதலில் எண்ணெய் போட்டுக் கொடுப்பேன், அப்புறம்தான் பூட்டுப் பேச்சே எடுப்பேன். இன்றைக்கும் சட்டைப் பையில் எண்ணெய்க் குப்பி இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை, தங்கள் வீட்டுக் குளியலறைக் கதவைக் கேட்டால் சொல்லும். என்னைக் கொண்டுபோய் அப்படிப்பட்ட கதவுக்கு எதிரில் உட்கார வைத்தால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

இடைவேளையில் கழிப்பறை தேடிப் போனேன். பழைய கட்டடமா, ஒரு வழி இன்னொரு வழியில் போய் முட்டிக்கொள்கிறது. இருட்டுச் சந்து, சாய்த்து வைத்த ஏணி, தூசி படிந்த அட்டைச் சிம்மாசனம், அதைத் தாண்டினால் அந்தக் கதவின் பின்பக்கம்! சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. நாலங்குல இரும்புக் கீல் மூன்று, அந்தக் காலத்துக் கெட்டிச் சரக்கு. பாவம், எத்தனை வருஷமாகவோ கவனிப்பாரில்லை. மூன்றுக்கும் தாராளமாக ஊற்றி, நாலு தரம் ஆட்டிப் பார்த்தேன். பூனை நடப்பது போல் ஆகிவிட்டது. பையில் கொஞ்சம் சிந்தியது, போகட்டும், பெண் கொடுக்கப் போகிற இடம், நம்மாலான உபகாரம் என்று மனசு நிறைந்து வந்து உட்கார்ந்தேன்.

கடைசிக் காட்சி. வாத்தியார் என் தொடையைத் தட்டி, "இப்ப அப்பா வருவாரு. கதவு கிறீச்சிடும், பையன் திரும்புவான், கொட்டகையே அழும்" என்றார். அப்பா வந்தார். கதவு ஒரு சத்தம் போடவில்லை. பையன் சபையைப் பார்த்தபடி காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறான். அப்பா வாய் திறக்கக் கூடாதாம், கதையே அதுதானாம். அவர் நிற்கிறார். இவன் உட்கார்ந்திருக்கிறான். யாரோ இருமினார்கள். அவர் கதவை மெல்லச் சாத்தி மறுபடியும் திறந்தார். வெண்ணெய்! என் வேலையை நானே மெச்சிக்கொள்ள முடியாத நேரம். வாத்தியார், "பதினோரு தடவையில இப்படி ஆனதே இல்லையே" என்று வெலவெலத்துப் போனார். தங்கள் மருமகள் முகத்தைப் பார்த்தேன், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகிற நிலையில் இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை மச்சான். எழுந்தேன், மூச்சை இழுத்தேன், முப்பது வருஷத்தில் கேட்ட கதவையெல்லாம் நினைத்துக்கொண்டு "கிறீ...ச்" என்று விட்டேன் ஒன்று.

கண் தெரியாதவன் சத்தம் வந்த பக்கம்தானே திரும்பணும்? திரும்பினான், நேரே மூன்றாம் வரிசைக்கு! கொட்டகை மொத்தமும் கூடத் திரும்பியது. தங்கள் தங்கை கிள்ளிய இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. அந்தப் பையன் மட்டும் கொஞ்சம்கூடப் பதறாமல், "கதவு அந்தப் பக்கம் இல்லையே... காத்திருந்து காத்திருந்து எனக்குக் காதும் ஏமாத்துதா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, தடவித் தடவி நடந்து, அப்பா வேஷக்காரர் முகத்தைத் தொட்டான். சிரிக்க வாயெடுத்த சபை அப்படியே அழுதது. என் கண்ணிலும் தூசி விழுந்துவிட்டது. நூற்றிருபது வருஷத் தூசி, விழாமல் என்ன செய்யும்.

ஆட்டம் முடிந்து பையனைப் பார்க்கப் பின்பக்கம் போனோம். அங்கே மேனேஜர் குதித்துக்கொண்டிருந்தார். "அந்தச் சத்தத்தைக் கொண்டுவர நாலு மாசம் உப்புத்தண்ணி தெளிச்சு துருப்பிடிக்க வச்சேன்யா! எவன்யா எண்ணெய் ஊத்தினது?" பையன் என்னைப் பார்த்தான், என் சட்டைப் பையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தான். "நான்தான் சார். கதவு திறக்க இறுக்கமா இருந்துச்சு, ரெண்டு சொட்டு விட்டேன்" என்றான். "அப்படியா? அடுத்த நாடகத்துல ராஜா வேஷம் உனக்குன்னு இருந்தேன். இனிமே நீ பால்காரன்தான், போ" என்றார் மேனேஜர். நான்? உண்மையைச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் அத்தனை பேர் நடுவில் கத்தின வாய், அப்போது ஒட்டிக்கொண்டது. வீடு வரை தங்கள் மருமகள் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே நான் சொல்ல வருவது, கண்ணெதிரே இவ்வளவு சரளமாகப் பொய் சொல்கிறவனை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது? தொழிலும் நிலையில்லை, இன்றைக்கு ராஜா, நாளைக்குப் பால்காரன். தயவு செய்து நாசூக்காகச் சொல்லி முடித்துவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நாடகம் பக்கம் தலை வைக்காமல் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத (இந்த ஒன்றைத் தவிர)
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி நாலு நாள் கடை மேசையிலேயே வைத்திருந்தேன். ஏனோ தபாலில் போடக் கை வரவில்லை, இப்போது பிரித்து இதைச் சேர்க்கிறேன். நேற்று மாப்பிள்ளை கடைக்கு வந்தார். "நல்லா சத்தம் போடற கீல் இருக்குங்களா?" என்றார். முப்பது வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. "நம்ம கடையில அந்தச் சரக்கே கிடையாது தம்பி" என்றேன். "தெரியும். ஆனா சத்தம் உங்ககிட்ட இருக்கே, மாமா" என்றார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு சொல் குத்தலாகப் பேசவில்லை. நான் அப்போதே கடையைச் சாத்திவிட்டுப் போய் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். ராஜா வேஷம் மாப்பிள்ளைக்கே. எனக்குத்தான் தண்டனை: உப்புத்தண்ணி வேலை செய்கிற வரை, ஆட்டத்துக்கு ஆட்டம் கதவுக்குப் பின்னால் நின்று நான்தான் கத்த வேண்டும். பழைய கிறீச்சைவிட இது உருக்கமாக இருக்கிறதென்று வாத்தியார் பதிமூன்றாம் தடவையாக வந்து சொல்லிவிட்டுப் போனார். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு வந்து நாள் குறித்துக் கொடுங்கள். மதிய ஆட்டம் முடிந்துதான் வீட்டுக்கு வருவேன். அவசரமென்றால் கொட்டகைக்கே வரலாம், மூன்றாம் வரிசை வேண்டாம், தூண் இருக்கிறது. இருந்தாலும் பரவாயில்லை, எங்கே உட்கார்ந்தாலும் என்னைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும்.