பூம்பாறை ஏற்றத்தில் நின்ற ஜீப்

பூம்பாறை ஏற்றத்தில் அன்று இருந்தவர்கள் இவர்கள்தான்: ஜீப்புக்குச் சொந்தக்காரர் மன்னவனூர் நல்லசாமி, அவர் மகளைத் தம் மகனுக்குப் பெண் பார்க்கப் பழனியிலிருந்து வந்த பொன்னுவேல், அவர் மனைவி லீலா, வண்டியை ஓட்டிய மெக்கானிக் அகிலன், அழைக்காமல் வந்த பங்காளி சேனாதிபதி. இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள்.

ஜீப் பழையதுதான். ஆனால் திருவிழாவில் அம்மனைச் சுமந்த வண்டி. பூசாரி கொடுத்த பரிவட்டத்தை நல்லசாமி தம் தலையில் கட்டிக்கொள்ளவில்லை. மரியாதை சுமந்தவருக்குத்தானே சேர வேண்டும்? விருந்தாளிகள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், அவர்கள் கண்முன்னே, பானட் ஓரம் நிமிர்ந்து நிற்கும் குழாயின் தலையில் அதை இறுகக் கட்டினார்.

பாதி ஏற்றத்தில் வண்டி கரும்புகை கக்கி நின்றது.

"போன வாரம் டீசல் பம்பைக் கழட்டி மாட்டுனேன்ல, டைமிங் நகந்திருக்கும்ங்க," என்ற அகிலன் குழாயில் கையூன்றிக் குனிந்தான்.

"ஏலே, கிரீஸ் கையை எடு. அம்மன் துணி."

அகிலன் பம்பைத் தளர்த்தி லேசாகத் திருப்பினான். டீசல் முன்னதாகவே பாய்ந்தது. இன்ஜின் தகரத்தில் கல் உருட்டியதுபோல் இடித்தது. வண்டி நகரவில்லை.

"உள்ள யாரோ தட்டுறாங்க," என்றார் பொன்னுவேல்.

"கனத்த இன்ஜின் அப்படித்தாங்க பேசும்," என்றார் நல்லசாமி.

எதிர்ப்பக்கம் திருப்பினான். டீசல் பிந்திப் பாய்ந்தது. வெள்ளைப்புகை கண்ணைக் கரித்தது. வண்டி பின்னால் உருண்டது. லீலா இறங்கிக்கொண்டார். குளிர் காதை அறுத்தது.

"முன்ன வச்சா இடிக்குது, பின்ன வச்சா இழுக்க மாட்டேங்குதுங்க."

"அப்ப நடுவுல வையி. இதை நான் சொல்லணுமாக்கும்?"

அந்த நேரம் பார்த்துப் புது ஜீப்பில் வந்தான் சேனாதிபதி. அவன் வீட்டிலும் கல்யாண வயதில் பெண் இருக்கிறது.

"அண்ணே, கயிறு கட்டி இழுப்பமா? இல்ல, அவுக என் வண்டியில ஏறட்டும். நம்ம வீட்டுல ஒரு காப்பி குடிச்சிட்டு வெரசா வந்துரலாம்."

"காப்பி குடிக்க அவுகளுக்கு என் வீடு கெடக்கு. கயித்தைச் சுருட்டு."

"வண்டி ஏறாதுண்ணே."

"ஏறாட்டி நான் தள்ளிக்கிட்டுப் போறேன். உனக்கென்ன சோலி?"

நல்லசாமி பம்பரை மறைத்து நின்றார். அகிலன் வெறுத்துப்போய்ப் பம்பைப் பழைய அடையாளத்திலேயே வைத்து முடுக்கினான். லீலா காதைப் பொத்திக்கொண்டு ஏறினார்.

ஜீப் உறுமியது. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் மேலே போய்ச் சேர்ந்தது. சேனாதிபதிதான் பின்னால் வந்தான்.

ஆனால் பூ வைக்கும் நாளுக்குள் ஊர் வேறு கதை கட்டிவிட்டது: நல்லசாமி ஜீப்பைச் சேனாதிபதி கயிறு கட்டி இழுத்து வந்தானாம். பந்தியிலேயே அதைப் பேசினார்கள். நல்லசாமி இலையைவிட்டு எழுந்தார்.

"எவன் சொன்னது? அகிலன் டைமிங்கைச் சரியா வச்சான், வண்டி ஏறிச்சு. கூட வந்தவுக நீங்களே சொல்லுங்க தங்கச்சி."

லீலா நிதானமாகச் சொன்னார்: "கயிறு கட்டலை, அது பொய்யிங்க. டைமிங்கும் இல்லைங்கண்ணே. குளிரு தாங்காம, இன்ஜினுக்குக் காத்து இழுக்குற அந்தக் குழாயில நீங்க கட்டுன துணிய அவுத்து நான் காதுல கட்டிக்கிட்டேன், அப்புறந்தான் வண்டி மூச்சு விட்டுச்சு."