கியர் பெட்டியோடு ஒரு பேரம்

இனி என் காரை ஒரு மெக்கானிக்கும் தொடக் கூடாது. நோயையும் நானே கண்டுபிடிப்பேன், வைத்தியமும் நானே பார்ப்பேன். காலைக் காபியை மேஜையில் டொக்கென்று வைத்து இப்படிச் சபதம் செய்தேன். காபி சிந்தியது. மனைவி அதைத் துடைக்காமல் என்னையே பார்த்தாள்.

"சபதம் கார் மேலயா, மேஜை மேலயா?"

எனக்குக் கோபம் வந்தது. அது ஒன்றும் பெரிய செய்தி இல்லை. எனக்குக் கோபம் வராத நாளில்தான் வீட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

பழைய பீரோ, கட்டில், சோபா வாங்கி விற்கிறவன் நான். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், ஏமாந்து படித்தது மிச்சம். முட்டி மோதி மேலே வந்து, ஒரு பணக்காரர் ஓட்டிக் கழித்த சொகுசுக் காரை, அவர் கண்ணில் நீர் வருகிற விலைக்குப் பேசி வாங்கினேன். சீட் சூடாகும். சீட் குளிரும். முதுகைப் பிடித்தும் விடும்.

அந்தக் கார்தான் இப்போது மூன்றாவது கியரில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. மிதித்தால் உறுமுகிறது. சைக்கிள்காரன் மணியடித்து என்னை ஒதுங்கச் சொல்கிறான். போதாததற்கு டாஷ்போர்டில் மஞ்சள் எழுத்தில் ஒரு புத்திமதி: 'கியர் பெட்டியில் கோளாறு. நிதானமாக ஓட்டவும்.' நிதானமாம்! என்னிடம்! கல்யாணம் ஆனதிலிருந்து இதை என்னிடம் சொல்கிற தைரியம் ஒருத்திக்குத்தான் இருந்தது. இப்போது காருக்கும் வந்துவிட்டது.

அந்த ஒருத்தி, திரைச்சீலை தைத்து வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுப்பவள். துணி மூட்டையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் போவாள். லைசென்ஸ் வைத்திருக்கிறாள். "வாரத்துல ரெண்டு நாளாவது காரைக் குடுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். முடியாது என்று நானும் சொல்லிக்கொண்டே இருப்பேன். சொகுசுக் கார் என்ன, மூட்டை வண்டியா?

கடைத்தெருவில் அடித்துப் பேசி ஒரு ஸ்கேனர் வாங்கினேன். தீப்பெட்டி அளவு. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு துளை இருக்கிறது. அதில் செருகினால், காரின் குறையெல்லாம் எண் போட்டுப் போனில் வந்து நிற்கும். தலையை உள்ளே விட்டேன். தொப்பை வர மறுத்தது. பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தபடி போனை அவளிடம் நீட்டினேன்.

"என்ன வருது? படி!"

"அஞ்சு வருதுங்க. முதல்ல 'மின்னழுத்தம் குறைவு'ன்னு ஒண்ணு."

"அது சில்லறை. கியர்னு இருக்கிறதைப் படி."

"பி 0730, 'கியர் விகிதம் தவறு'. அப்புறம் 'டார்க் கன்வெர்ட்டர்' என்னமோ. அடுத்தது 'கியர் பெட்டியோட தொடர்பு இல்லை'. கடைசியா 'கியர் பெட்டியில பொதுவான கோளாறு'."

"பார்த்தியா! பெரிய தலைங்க ஒவ்வொண்ணா வெளியே வருது!"

"இருந்தாலும் அந்த முதல் ஆளு..."

"ஒரு வீட்டைக் காலி பண்ணப் போனா நான் பீரோவைத்தான் முதல்ல பேசுவேன். மூலையில கிடக்கிற ஸ்டூலைப் பத்தி எவனாவது பேசுவானா?"

ஸ்கேனரில் 'அழி' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். ஐந்து குற்றவாளிகளும் ஓடிப் போனார்கள். காரைக் கிளப்பினேன். ஆகா, வெண்ணெய்! அடுக்குமாடி வாசலில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கினேன். டடக். மஞ்சள் விளக்கு. நிதானமாக ஓட்டவும்.

அழித்தேன். வேகத்தடை. மஞ்சள். மறுபடி அழித்தேன். மறுபடி மஞ்சள். காவல்காரர் ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து கேட்டைத் திறந்து மூடினார். கடைசியில் கேட்டைத் திறந்தே போட்டுவிட்டு நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டார்.

"வேகத்தடையில குலுங்கினாத்தான் வருது, கவனிச்சீங்களா?"

"வேகத்தடை ரோட்டுல இருக்கு, கியர் வண்டியில இருக்கு! ஜன்னலுக்குத் துணி மாட்டுறவளுக்கு என்ஜின் விஷயம் எதுக்கு?"

அவள் வேகத்தடையை ஒரு தரம், காரை ஒரு தரம் பார்த்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

சபதத்தை ஒத்திவைத்துவிட்டு அவளோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன், மூன்றாவது கியரிலேயே. கண்ணாடி அறை, தோல் சோபா, டை கட்டிய ஒரு ஆலோசகர். உட்கார்ந்ததுமே சோபாவுக்கு மனசுக்குள் விலை போட்டுவிட்டேன். அவர் எனக்கு விலை போட ஆரம்பித்தார்.

"சோதிச்சுப் பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாது சார். பெட்டியைக் கழட்டற மாதிரி ஆனா செலவு கொஞ்சம் பெரிசு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. சமீபத்துல பேட்டரி மாத்தினீங்களா?"

"மாத்தினேன். கடைக்காரனை அழ வெச்சு வாங்கி, நானே மாட்டினேன். மாட்டுற கூலியை உங்களுக்கு எதுக்கு அழணும்? கியருக்கு வந்தவன்கிட்ட பேட்டரிக் கதை கேட்கிறீங்க! பல்வலின்னு வந்தா செருப்பு சைஸ் கேட்பீங்களோ?"

"நான் ஏன் கேட்கிறேன்னா சார்..."

"கேட்காதீங்க!"

எழுந்து நடந்துவிட்டேன். பேரத்தில் எழுந்து நடப்பது என் பிரம்மாஸ்திரம். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டே ஆக வேண்டும். அந்த ஆள் கூப்பிடவில்லை. படிக்கட்டில் நின்று ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன். அப்போதும் கூப்பிடவில்லை. மனைவி மட்டும் பின்னால் நின்று அவரிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"என்ன கேட்டே அவன்கிட்ட?"

"பாத்ரூம் எங்கேன்னு கேட்டேன்."

வழியெல்லாம் சைக்கிள் மணி. வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இறங்கி, டயரை ஓங்கி உதைத்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. நொண்டிக்கொண்டே கத்தினேன்.

"இந்தச் சனியனைப் பேரீச்சம்பழத்துக்குப் போடறேன்!"

"போடுங்க. ஆனா பேரீச்சம்பழக்காரனும் எடுக்க மாட்டான்."

சுருக்கென்றது. என் சரக்கை நான் திட்டலாம். வேறு யாராவது மட்டம் தட்டினால் எனக்குள் இருக்கும் வியாபாரி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிவிடுவான்.

"என்ன சொன்னே? சீட்டைப் பாரு, அசல் தோலு!"

"நல்ல சீட்டுதான். உட்கார்ந்துட்டே இருக்கலாம், எங்கேயும் போக வேண்டாம்."

"கதவைச் சாத்திப் பாரு. பேங்க் லாக்கர் மாதிரி சத்தம்!"

"லாக்கரை யாரும் ஓட்டிட்டுப் போறதில்லையே."

"என்ஜின் தங்கம்!"

"கியர் பெட்டி?"

அவள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பீரோ வாங்கப் போன இடத்தில் நான் பிதுக்குகிற அதே பிதுக்கல்.

"சரி, பழகின தோஷத்துக்கு நான் எடுத்துக்கறேன். என் ஸ்கூட்டரை நீங்க வெச்சுக்கோங்க. அதுக்கு இது."

"ஸ்கூட்டருக்குக் காரா? மூளை கீளை இருக்கா?"

"வேண்டாம்னா விடுங்க."

ஸ்கூட்டரில் இருந்த துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. லேஸ் கட்டவில்லை. லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே போனாள். கதவு மூட ஆரம்பித்தது.

"ஏய், நில்லு!"

கத்தியது என் வாய்தான். ஆனாலும் இவ்வளவு காலத் தொழில் சும்மா விடுமா? நிபந்தனைகளை அடுக்கினேன்.

"ரிப்பேர் செலவு முழுக்க உன்னோடது."

"சரி."

"ஓடலைன்னு திருப்பிக் கொண்டுவந்து நிக்கக் கூடாது."

"மாட்டேன். நீங்களும் திருப்பிக் கேட்கக் கூடாது."

"நானா? கேட்டா என்னை என்னன்னு கேளு! அப்புறம், ஸ்கூட்டரோட ஹெல்மெட்டும் வேணும்."

அவள் முகம் வாடியது. "ஹெல்மெட்டுமா? அது புதுசுங்க."

"ஹெல்மெட் இல்லைன்னா பேரமே இல்லை!"

ரொம்ப நேரம் யோசித்தாள். பெருமூச்சு விட்டாள். தந்தாள். ஜெயித்த மிதப்பில் கார் சாவி இரண்டையும் அவள் கையில் போட்டேன்.

அவள் நேராகப் போய் டிக்கியைத் திறந்தாள். மூட்டையை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். விரிப்பைத் தூக்கினாள். கீழே, நான் மாட்டிய பேட்டரி. அதன் முனையில் இருந்த வளையத்தை ஒரு விரலால் தொட்டாள். பொம்மைச் சக்கரம் மாதிரி சுற்றியது. கைப்பையிலிருந்து, திரைச்சீலைக் கம்பியை மாட்டுகிற ஸ்பானரை எடுத்தாள். ஒரு முறுக்கு. ஸ்கேனரைச் செருகினாள். அழி.

வேகத்தடையில் ஏறினாள், இறங்கினாள். மஞ்சள் இல்லை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பூனை மாதிரி வந்து என் பக்கத்தில் நிறுத்தினாள். எனக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டே ஏமாத்திட்டியே! பாத்ரூம்னு சொன்னியே!"

"பாத்ரூமும் கேட்டேன், பேட்டரியையும் கேட்டேன். முனை லூசா இருந்தா கரண்ட் விட்டு விட்டு வந்து கியர் பெட்டி குழம்பிடுமாம். மின்னழுத்தம்னு நான் சொல்ல வந்தேன், சில்லறைன்னீங்க. பாவம், டை கட்டினவர் சொல்ல வந்தார், கேட்காதீங்கன்னீங்க. அப்புறம் நீங்களே பேரத்தை ஆரம்பிச்சுட்டீங்க. சரக்கு நல்ல சரக்குன்னு வாங்கறவ வாயால சொல்லலாமா?"

"நான் கோபத்துல குடுத்தேன்! கோபத்துல சொன்னது கணக்குல வராது!"

"அப்படிப் பார்த்தா, கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க பேசின எதுவுமே கணக்குல வராதுங்க."

மறுநாள் காலை அவள் மூட்டைகளோடு என் காரில் போனாள். சீட்டின் குளிரைக் கூட்டி வைத்துக்கொண்டு போனாள். நான் ஸ்கூட்டரில் கடைக்குப் புறப்பட்டேன். அதன் நெற்றியில் பெரிய எழுத்தில், 'திரைச்சீலை தைத்துத் தரப்படும். அளவெடுக்க வீட்டுக்கே வருவோம்.' பல்லைக் கடித்துக்கொண்டு சிக்னலில் நின்றேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள் என் முதுகில் தட்டினார்.

"ஏம்மா, எங்க வீட்டு ஜன்னலுக்கு அளவெடுக்க வர்றேன்னியே, ஆளையே காணோம்? ஒரு சுற்று பெருத்துட்டே போலிருக்கே!"

ஹெல்மெட் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, குரலை மெல்லிசாக்கி, "நாளைக்கு வர்றேம்மா" என்றேன்.