சாய்ந்த கூம்பு

மூன்றாவது கூம்பும் அடியில் முட்டை மாதிரிப் பிதுங்கி நின்றது. ஸ்தனிஸ்லாஸ் கத்தரியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, கஞ்சி ஆறுது," என்றாள் மனைவி சாந்தாமேரி.

"ஆறட்டும். மூணு மாசத்துல சாகப்போறவனுக்குச் சூடென்ன, ஆறலென்ன."

அவர் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். போன வாரம் சேலத்தில் டாக்டர் அவருடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே மனசுக்குப் பிடிச்சதைச் செய்ங்க" என்று சொல்லி, படத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் அப்படிப் பிடித்தது எது என்று யோசித்ததில் ஒன்றுதான் தேறியது. ஒரு ராக்கெட் விட வேண்டும்.

எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பழைய பத்திரிகை ஒன்றில் படம் இருந்தது. நடுவில் பெரிய ராக்கெட். இருபக்கமும் ஒட்டிக்கொண்டு இரண்டு சின்னது. அந்தச் சின்னதுகளின் கூம்பு மூக்கு நேராக நிற்காமல், பெரியதன் மேல் சாய்ந்திருந்தது. துணிக்கடை அட்டைக் குழாயில் மற்றதெல்லாம் அமைந்துவிட்டது. மூக்குதான் படுத்தியது. நேர்க்கூம்பைச் சரிவாக வெட்டினால் அடிவட்டம் நீண்டுபோய்க் குழாயில் உட்கார மறுத்தது.

கடைசியில் காகிதத்தில் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோலப் பன்னிரண்டு கோடு, ஒன்றுக்கொன்று நீளம் மாற்றிப் போட்டு, நுனிகளை வளைவாக இணைத்து வெட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் அவர் கஞ்சியைச் சூடாகக் குடித்தார்.

மறுநாள் மூடுபனியில் கூம்புகள் நமுத்துத் தலை கவிழ்ந்தன. அடுப்புமேல் காட்டினார், ஒன்று கருகியது. புதிதாகச் செய்து வார்னிஷ் பூசினார். அந்த ஈரத்தில் இரண்டு நாளாகியும் காயாமல், தொட்டதும் கட்டைவிரலோடு உரிந்து வந்தது.

ஸ்தனிஸ்லாஸ் விரலில் ஒட்டிய வார்னிஷைத் துடைத்தார். பிறகு எழுந்துபோய் எக்ஸ்ரே படத்தை எடுத்து வந்தார்.

"ஐயோ, அது உங்க நெஞ்சுங்க!"

"நனையாது பாரு," என்றபடி வெட்டினார்.

படம் வெட்ட வாகாக இருந்தது. இரண்டு மூக்கும் பெரிய ராக்கெட்டின் தோளில் சாய்ந்துகொண்டன. சாந்தாமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நொம்ப நல்லா அமைஞ்சிருக்குங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காபிக்கொட்டை காயவைக்கும் களத்தில் நிறுத்தித் திரியைக் கொளுத்தினார். தீபாவளி வெடிமருந்து சீறியது. தன் விலா எலும்புகள் வெயிலில் ஒருதரம் மின்னிவிட்டு, அடிவாரத்துப் பக்கம் மேகத்துக்குள் போய் மறைவதை ஸ்தனிஸ்லாஸ் பார்த்தார். திரும்பி வரவில்லை. மனசு லேசாக இருந்தது. சாவதற்குக்கூட இப்போது அவ்வளவு பயமில்லை.

அப்போது சேலம் ஆஸ்பத்திரி சிப்பந்தி வெள்ளையன் மூச்சிரைக்க மேடேறி வந்தான்.

"ரைட்டரய்யா, படம் மாறிப்போச்சுங்க! உங்களுக்கு ஒரு சீக்கும் இல்லீங்க, அது எங்க டாக்டரோட நெஞ்சுங்க. ஆபரேசனுக்கு மெட்ராஸ் கிளம்பினவரு, படத்துக்காக மலையேறி வந்து கீழ ஒண்டிக்கடை முக்குல கார்ல உக்காந்திருக்காரு, படத்தைச் சீக்கிரம் குடுங்க!"