முட்டைக்கோப்பி குடித்தவன் கடைசி

அன்புள்ள அண்ணைக்கு,

வல்வெட்டித்துறையிலிருந்து தம்பி கனகலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. உடுப்பிட்டியில் நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க அம்மன் துணை நிற்பாள். இங்கும் நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை ஓடவில்லை. போனில் கதைத்தால் பிள்ளைகளின் தாய் இராசமலரின் காதில் விழுந்துவிடும். அதனால் கடிதம்.

எங்கள் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பத்து வயது முடிந்ததல்லவா, பள்ளிக்கூடத்தில் உடற்தகைமைச் சோதனை வைத்தார்கள். மயூரதன் வகுப்பிலேயே கடைசி. தாரிகா, பெடியன்களையும் சேர்த்து, முதலாவது. கம்பியில் தொங்கச் சொன்னால் இவன் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கிறான். மைதானத்தைச் சுற்றி ஓடும்போது அவள் இவனை இரண்டு தரம் கடந்து, இரண்டாம் தரம் நின்று தண்ணீர்ப் போத்தலும் கொடுத்துவிட்டுப் போனாளாம். அதைப் பார்க்க நான் அங்கே இல்லாதது கடவுள் செய்த உதவி.

நான் என்ன குறை வைத்தேன் அண்ணை? ஆண்பிள்ளை உடம்பு தேற வேண்டும் என்று விடிய முட்டைக்கோப்பி, பின்னேரம் எள்ளுப்பாகு, எல்லாம் அவனுக்குத்தான். சக்தி வீணாகக்கூடாது என்று சைக்கிள்கூட மிதிக்க விடுவதில்லை. கடற்காற்றுக்கு எதிராக அவள்தான் மிதிக்கிறாள், இவன் இரண்டு புத்தகப்பைகளோடும் கரியரில் குந்தியிருந்து போகிறான். நல்ல தண்ணீர்க் கலனை அவள் தூக்கி வருவாள், இவன் படுத்து ஓய்வெடுப்பான். அவளுக்குப் பயிற்சி என்று ஒரு நாள்கூட நேரம் கொடுத்தது கிடையாது. பிறகு எப்படி அண்ணை இது நடந்தது?

சோதனை வைத்தவர் உங்கள் பக்கத்து வீட்டுக் கிறிஸ்துநாயகம் மாஸ்டர். அவரிடமே போய்க் கேட்டேன். இந்த வயதில் பெட்டைகள் முந்தி வளருவார்கள், பெடியன்கள் பிறகு எட்டிப் பிடிப்பார்கள், யோசிக்க வேண்டாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனுசன் அதோடு நிறுத்தினாரா?

"எண்டாலும் தாரிகா ஓடுற ஓட்டம் வளர்த்தியாலை மட்டும் வந்தது இல்லை. வீட்டிலை என்ன பயிற்சி குடுக்கிறியள்?"

ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வலயப் போட்டிக்கு அவளை விடச் சொன்னார். அன்றிலிருந்து அவள் சோறும் சரியாகத் தின்னாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு திரிகிறாள். அவள் போய் மெடலோடு வந்தால் மயூரதன் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான்? அவன் நடப்பதே குறைவு. எனக்கு நித்திரையும் இல்லை, மனமும் விட்டுப்போய்விட்டது. நாளைக்குப் பெயர் அனுப்புகிறார்கள். நீங்கள் மதிலால் எட்டி, பிள்ளைக்குச் சுகமில்லை, வரமாட்டாள் என்று மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் நோவை அம்மன் மாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
கனகலிங்கம்

பி.கு.: இதை உங்களிடம் கொண்டுவரத் தாரிகாவிடம்தான் கொடுத்தேன். ஒட்ட மறந்துவிட்டேன், வாசித்துவிட்டாள். அழப்போகிறாள் என்று பார்த்தேன். "அப்பா, அப்ப தம்பி ஒருநாளைக்கு என்னை ஏத்திக்கொண்டு மிதிக்கட்டும்" என்றாள். சைக்கிளை எடுத்து மயூரதனிடம் கொடுத்தேன். ஆகவே இன்று மயூரதன் மிதிக்கிறான், அவள் கரியரில். மாஸ்டரிடம் நான் சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டாம், அவள் பெயரைக் கொடுத்துவிடுங்கள். இருட்டுமுன் இது உங்கள் கைக்கு வந்தால், பாதி வழியில் அவள்தான் வாங்கி மிதித்திருக்கிறாள். எது எப்படியோ, அண்ணியிடம் சொல்லி அவளுக்கு ஒரு முட்டைக்கோப்பி அடித்துக் கொடுங்கள்.