என் ஏட்டில் ஏறாத தமிழ் மறவன்

கற்றவன் ஒரு விதியை வகுத்தால், அதில் முதலில் அகப்படுபவன் அவனே என்பதைப் பிளவக்கல் ஓடையில் நனைந்தபடி உணர்ந்தேன்.

தமிழாசிரியப் பணி நிறைவுற்றபின், நம் நாட்டு வண்ணத்துப்பூச்சி இனங்கள் அனைத்தையும் கண்டுவிடுவதென உறுதி பூண்டேன். (முழங்கால் அன்றே சிரித்தது.) விதி ஒன்றே: கண்ணால் நேரே கண்டதே கண்டதாகும், ஒளிப்படம் செல்லாது. திருவில்லிபுத்தூரில் துணிக்கடை வைத்திருக்கும் தோழர் காதர், படத்தில் மட்டும் பார்த்துத் தம் ஏட்டில் பதிந்த ஓர் இனத்தை நானே சிவப்பு மையால் அடித்தேன்.

ஆயினும், நம் மாநிலத்தின் சின்னமான வண்ணத்துப்பூச்சி, தமிழ் மறவன், எனக்கு அகப்படவே இல்லை. முப்பதாண்டு தமிழ் பயிற்றியவனுக்கு இதைவிட வேறு இழுக்கு உண்டோ?

ஆகவே காதரும் நானும், தயிர்ச்சோற்றுத் தூக்குவாளியுடன் என் மனைவி மரகதமும் பிளவக்கல் அணைக்கு மேலுள்ள ஓடைக்குச் சென்றோம். வெயில் தாளாமல் ஒரு பாறைமேல் அமர்ந்து தொப்பியைக் கழற்றினேன்.

"ஐயா, அசையாதிய!" காதர் ஒளிப்படக் கருவியை உயர்த்தினார். "தமிழ் மறவன்! ஒங்க தலையிலதான் உக்காந்து வேர்வையக் குடிக்கு."

"எம்புட்டு அழகு!" என்றாள் மரகதம். "வழுக்கையால இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு தெரியாமப் போச்சே!"

விழிகளை மேலே உருட்டினேன், புருவம்கூடத் தெரியவில்லை. மரகதம் பையிலிருந்து முகக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

அங்கேதான் என் புலமை விழித்துக்கொண்டது. "கண்ணாடியில் தெரிவது நிழலுரு, பொருளன்று. ஒளிப்படத்தைத் தள்ளிய நான் இதை எங்ஙனம் ஏற்பேன்?"

"ஏங்க, பாடம் நடத்துத நேரமா இது? மொதல்ல பாருங்க!"

"விதி விதிதான்" என்று கூறி, என் கருத்தை நானே ஆமோதித்துத் தலையசைத்தேன்.

பறந்துவிட்டது. பதறித் திரும்பியவன் பாசியில் வழுக்கி ஓடைக்குள் அமர்ந்தேன். மூக்குக்கண்ணாடியைத் துழாவி எடுப்பதற்குள் அது மரக்கூட்டத்தில் மறைந்தது.

"ஐயா, நான் நேருக்கு நேர் பாத்துட்டேன், பதிஞ்சுக்கிடலாம்லா?" என்று காதர் பணிவாகக் கேட்டார். என் சட்டைப்பையில் சிவப்புப் பேனா கசிந்துகொண்டிருந்தது.

நான் விரிவுரையாற்றியபோது அவர் எடுத்த படம் இன்று இராசபாளையத்து எங்கள் கூடத்தில் மாட்டப்பட்டுள்ளது. செம்மஞ்சள் இறகு, கரிய விளிம்பு. ஒரு முதியவனின் மண்டையையும் மலருக்கு நிகராக மதித்து அமர்ந்த அந்தப் பெருந்தன்மை! வணங்கத் தோன்றுகிறது. என் ஏட்டில் அவ்விடம் மட்டும் இன்றும் வெறுமை. இப்போதெல்லாம் காட்டில் தொப்பியைக் கழற்றுவதே இல்லை; அடுத்த முறையாவது கண்ணுக்கெட்டும் இடத்தில் அமரட்டும்.

விருந்தினர் அப்படத்தின் முன் நின்றால் போதும், அடுப்படியிலிருந்தே மரகதத்தின் குரல் வரும்:

"நல்லாப் பாத்துக்கிடுங்க. வீட்டுக்கு வாரவிய எல்லாரும் பாத்தாச்சு; நானும் பாத்தாச்சு. அவிய மட்டுந்தான் இன்னும் பாக்கல."