லென்ஸுக்குள் ஒரு முடி

எக்ஸ்ரே படத்தைப் பொருத்திப் பார்க்கும் லைட் பெட்டி அன்றைக்கும் எரியவில்லை. எக்ஸ்ரேக்காரர் அதை நாலு தட்டு தட்டினார். எரிந்தபாடில்லை.

டாக்டர் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து உதட்டைப் பிதுக்கினார்.

“என்னய்யா, உன் ரூம் வரவர குகை மாதிரி ஆயிட்டிருக்கு. நான் லேப் பக்கம் போறேன். புது மைக்ராஸ்கோப் வந்திருக்கு.”

அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு ஏசி வாங்கியிருந்தார்கள். அது இன்னும் அட்டைப்பெட்டிக்குள் வராந்தாவில் நிற்கிறது. டாக்டர் எந்த அறையில் அதிகம் உட்காருகிறாரோ அங்கேதான் போகும் என்று பேச்சு. போன வாரம்வரை அவர் அரட்டையடித்தது எக்ஸ்ரே அறையில். இப்போது காற்று லேப் மேடம் பக்கம் வீசுகிறது. எக்ஸ்ரேக்காரருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் ஏசி வைத்தால்தான் அடங்கும்.

மறுநாள் காலை லேபுக்குள் நழுவினார். நாற்காலியில் மேடத்தின் கைப்பை தொங்கியது. மேடத்தைக் காணோம்.

“வந்ததும் வராததுமா ஊர் சுத்தல்! இந்த லட்சணத்துல ஏசி ஒரு கேடு.”

மைக்ராஸ்கோப்பில் அவருக்குத் தெரிந்தது மூன்று: கீழே விளக்கு, நடுவில் கண்ணாடித் துண்டை வைக்கிற மேடை, மேலே கண்ணை வைக்கிற இடம். மேடைக்கு அடியில் ஒரு குட்டி நெம்புகோல் இருந்தது. தள்ளினார். வெளிச்சம் வரும் ஓட்டை பூனைக் கண்ணாய்ச் சுருங்கியது. இருட்டட்டும்!

கொஞ்ச நேரத்தில் டாக்டரின் குரல் வராந்தாவரை கேட்டது.

“பலே மேடம்! நேத்து வெளிச்சம் கண்ணைக் கூசி ஒண்ணுமே தெரியல. டயாஃப்ரம் ஓட்டையைக் குறைச்சதும் யூரின்ல இருக்கற ஒவ்வொரு செல்லுக்கும் கோடு போட்ட மாதிரி ஓரம் தெரியுது!”

மேடம் வேண்டாமென்றா சொல்வார்? தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

அடுத்த காலையும் கைப்பை மட்டும் இருந்தது. மேடையில் ரத்தம் தடவிய கண்ணாடி, பக்கத்தில் எண்ணெய்க் குப்பி. எண்ணெய் பட்டால் எந்தக் கண்ணாடி தெளிவாகத் தெரியும்? சொட்டவிட்டுத் திரும்பினார். மறுபடி டாக்டரின் குரல்.

“இந்த நீள லென்ஸ் எண்ணெயில முங்கினாத்தான் வேலை செய்யும். எல்லாம் ரெடியா வெச்சிருக்கீங்களே! மலேரியா கிருமி மோதிரம் மாதிரி நிக்குது.”

எக்ஸ்ரேக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கடைசியில் உயிர்த்தியாகத்துக்கே துணிந்தார். அவர் தலையில் இருந்த முடிகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துவிடலாம். அதிலிருந்து ஒன்றைக் கண்ணீர் வரப் பிடுங்கி, கண் வைக்கும் லென்ஸ் குழாயை உருவி, உள் வளையத்தில் எச்சில் தொட்டு ஒட்டினார். எட்டிப் பார்த்தார். வட்டத்தின் பாதிவரை கரும் கயிறு. இனி யார் பார்ப்பார்கள், பார்க்கலாம்!

பார்த்தார்கள். டாக்டர் கூப்பிட, நர்ஸ்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

“முடி நுனியைப் பாரும்மா. அதுக்கு நேரா இருக்கறதுதான் கிருமி. விரலை உள்ள விட்டா காட்ட முடியும்? முள்ளு வெச்சிருக்காங்க பாரு, அதுக்குப் பேர்தான் மூளை!”

மத்தியானம் ஏசி பெட்டி லேபை நோக்கித் தரையில் கரகரவென்று இழுபட்டுப் போனது. எக்ஸ்ரேக்காரர் இருட்டறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். லைட் பெட்டி அன்றும் எரியவில்லை. ஆயாம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நீயே சொல்லு ஆயாம்மா. அவங்களுக்குத் தொட்டதெல்லாம் துலங்குது. எனக்கு மட்டும் தினம் லைட் பெட்டி ட்யூப் போகுது. எல்லாம் என் நேரம்!”

ஆயாம்மா துணியைப் பிழிந்தாள்.

“நேரம்லாம் இல்ல சார். முன்னாடி நீங்க டீ குடிக்கப் போறப்ப அந்தம்மா இங்க வந்து ட்யூபைத் திருகிவிட்டுட்டுப் போவாங்க. இப்ப நீங்க அவங்க ரூமுக்குப் போறப்ப வர்றாங்க. என்ன சார் செய்யறது, கெடுக்கற வேலை அவங்களுக்குத்தான் வருது.”