உன் அத்தான் பிரேக் பேட் தேர்ந்தெடுத்த மூன்று வாரம்

நெஸ்விக்,
வியாழக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு

அன்புள்ள தம்பி ஸ்டைனாருக்கு,

உன் அக்கா குன்வோர் எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லாரும் நலம். அங்கே நீயும் உன் மனைவி ஓஸ்ஹில்லும், பிறந்து ஒன்பது வாரமான என் மருமகளும், உன் நாற்பது ஆடுகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதினாறு நாளாக இங்கே மழை. அதையும் நலத்தில் சேர்த்துக்கொள். நலமில்லாமல் இருந்தது எங்கள் கார் ஒன்றுதான். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஃபோனை எடுத்தால் உன் அத்தான் ஒட்வார் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, நான் சொல்வதை வரிக்கு வரி திருத்துவார். கடிதத்தைத் திருத்த அவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக நீங்கள்தான் என்னை நம்பி இப்படி ஒரு வேலை கொடுத்திருக்கிறீர்கள், அதை நான் விடுவதாக இல்லை. நம் வீட்டு ஞானஸ்நான அங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரிக் கதவில் மாட்டிவிட்டேன். தடையாக இருப்பது நடுவில் உள்ள மலை. பதினோரு கொண்டை ஊசி வளைவு, கடைசி வளைவு முடிகிற இடத்தில் உன் வீட்டு முற்றம். பிரேக் இல்லாமலும் அதில் இறங்கிவிடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. நிற்பதுதான் கஷ்டம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் காரைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனோம். நம் ஊர்ப் பட்டறை சோல்ஃபிரிட்டை உனக்குத் தெரியுமே, எப்போதும் பென்சிலைக் கொண்டையில் செருகியிருப்பாள், அவள்தான் பார்த்தாள். பின் சக்கர பிரேக் தேறவில்லை, பேட் மாற்றிக் கொண்டுவந்து இந்த வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி காட்டணும், இல்லையென்றால் வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்தாள். அவள் “ஒட்வாரண்ணே, இன்னொரு விஷயம்” என்று ஆரம்பிப்பதற்குள் இவர் வாசலைத் தாண்டியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, “நீ மிதிக்கிற மிதிக்குத் தேயாம என்ன செய்யும்?” என்றார். நானா? மீன் ஆலைக்கு நடந்தே போய் நடந்தே வருகிறவள், வருஷத்துக்கு நாலு தடவை அந்தக் காரை ஓட்டினால் அதிகம். உன் அத்தானோ அதை வாங்கின ஆறு வருஷமாக பிரேக்கில் காலே வைத்ததில்லை. மின்சாரக் கார் இல்லையா, முடுக்குகிற காலை எடுத்தாலே தானாக வேகம் குறைந்து நிற்கிறது, பேட்டரியிலும் கொஞ்சம் சேர்கிறது, அதில் மயங்கிப்போனார். “பிரேக் மிதிக்கிறவனுக்கு முன்யோசனை இல்லைன்னு அர்த்தம்” என்று, கார் ஏற்றிப்போகிற ஃபெர்ரிப் படகில் காபி மேஜைக்கு மேஜை சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் அவர் வேலையே ஃபெர்ரித் தளத்தில் மஞ்சள் மேலாடையோடு நின்று ஊரார் காரைக் கை காட்டி நிறுத்துவது.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜை ஆராய்ச்சிக்கூடம் ஆகிவிட்டது. பீங்கான் கலந்தது, இரும்புத்தூள் கலந்தது, தூசி கிளப்பாதது, கிறீச்சிடாதது, நீண்ட நாள் உழைக்கிறது என்று தாள் தாளாக எழுதி ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டார். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பற்றி இதில் பாதி விசாரித்திருந்தாலும் மனுஷன் தப்பித்திருப்பார். வெள்ளிக்கிழமை வழக்கமாகச் சாப்பிடுகிற டாக்கோ ரொட்டியை வைக்க மேஜையில் இடமில்லை, சோளக் கிண்ணத்தையும் தக்காளிக் கிண்ணத்தையும் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். எங்கள் மகள் தூவா, “ஏம்ப்பா, அந்தப் பேட்ல எதுப்பா ரொம்ப ஒசத்தி?” என்றாள். “சத்தம் போடாம இருக்கிறது” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சரி, அது எனக்கு என்று வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒரு பெட்டி வந்தது, பளபளவென்று. முன் சக்கரத்துக்கானது. “பின் சக்கரம்தானே தேறல?” என்று கேட்டேன். “முன் சக்கரமும் ஒருநாள் தேறாமப் போகுமில்ல, அப்ப நாம தயாரா இருப்போம்” என்று பரணில் போட்டார். அடுத்த பெட்டி பின் சக்கரத்துக்கானதுதான், ஆனால் அதே வருஷத்துக் காரிலேயே இரண்டு அளவு உண்டாம். காருக்குள் பொறித்திருக்கிற எண்ணைக் கொடுத்தால் கடைக்காரனே சரியாக அனுப்பியிருப்பான். இவர் என் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு மழையில் காருக்கடியில் படுத்து அளந்தார். பாவாடைக்கு அளவெடுத்த மாதிரி வந்து சேர்ந்தது, இடுப்பில் இரண்டு விரல் பெரிசு.

அப்புறம் பக்கத்து வீட்டு யார்லே வந்தான். ஓட்டைக் காரைச் சேற்றில் விட்டுப் பந்தயம் ஓட்டுவானே, அவன்தான். கையில் ஒரு சிவப்புப் பெட்டி. “அண்ணே, இது பந்தயப் பேட். முந்நூறு டிகிரி சூடேறணும், அப்பறம் பாருங்க அதோட பிடியை” என்றான். உன் அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கேட்டேன், “ஏம்ப்பா யார்லே, வீட்டுலேருந்து கடை ரெண்டு கிலோமீட்டர். வெளியில நாலு டிகிரி. அது சூடேறி முடிக்கிறதுக்குள்ள நாங்க கடையைத் தாண்டி ஃபியோர்டுக் கடல்ல கிடப்போமே?” அவன் கொஞ்சம் யோசித்து, “ஆமாக்கா, தண்ணியில விழுந்தா மறுபடி ஆறிப்போயிடும், முதல்லேருந்து சூடேத்தணும்” என்றான். நல்ல பிள்ளை, எதையும் பாதியில் விடமாட்டான்.

இப்படியே இந்தத் திங்கட்கிழமை வந்துவிட்டது. நாலு நாள்தான் பாக்கி. உன் அத்தான் ஃபெர்ரிக்குப் போன சமயம் பார்த்துப் பத்து வாஃபிள் சுட்டு எடுத்துக்கொண்டு, காரை நானே மெதுவாக ஓட்டி சோல்ஃபிரிட்டிடம் போனேன். அவள் ஒரு வாஃபிளை வாயில் வைத்துக்கொண்டே சக்கரத்தைக் கழற்றிப் பேட்டை என் கையில் வைத்தாள்.

“தேஞ்ச மாதிரியா இருக்கு, நீங்களே சொல்லுங்கக்கா.”

தேயவே இல்லை, தம்பி. புதுசு கணக்காக அவ்வளவு கனம். ஆனால் துரு ஏறி, இருந்த இடத்திலேயே இறுகிக்கிடந்தது. அது கவ்விப் பிடிக்கிற டிஸ்க் வட்டமோ கடலில் கிடந்த நங்கூரம் மாதிரி இருந்தது.

“மிதிச்சா துரு தேஞ்சு போயிருக்கும். மிதிக்கவே இல்ல. பனிக்காக ரோட்டுல போடுற உப்பும் மழையும் உக்காந்து தின்னுருக்கு. இதைத்தான் அன்னிக்கு அண்ணன்கிட்ட சொல்ல வந்தேன், ஓடிட்டாரு.”

“அப்ப எந்தப் பேட் வாங்கணும்? பீங்கானா, இரும்பா?”

“எல்லாரும் தேயுற பக்கத்தையே பாக்குறீங்க. திருப்பிப் பின்னாடி இருக்குற தகட்டைப் பாருங்க. வெறும் பெயின்ட் அடிச்சதுன்னா ரெண்டு குளிர்காலத்துல துரு கிளம்பி மேல ஒட்டியிருக்கிறதைத் தள்ளிடும். துத்தநாகம் பூசின தகடா, காரோட வந்த அளவுல, சாதாரணப் பேட் போதும். டிஸ்க்கும் புதுசு போட்டுடலாம்.”

“சாதாரணமானதா?”

“சாதாரணமானதுதான்.”

உன் அத்தான் எழுதின பதினேழு தாளில் அந்த வார்த்தை ஓர் இடத்தில்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை அவளே மாட்டிக் கொடுத்தாள், ஒரு நிபந்தனையோடு. புதுப் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியணும், அதற்கு, கார் தானாக வேகம் குறைக்காதபடி கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுச் சரிவில் முப்பது தடவையாவது பிரேக்கை மிதிக்கணும். அதுவும் ஓட்டுகிறவரே மிதிக்கணும், பழக்கம் அவருக்குத்தான் வர வேண்டும் என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் உன் அத்தான் அந்தப் பதினேழு தாளையும் அடுக்கி ஓரமாக வைத்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

“அப்ப நான் தப்பா ஓட்டல?”

“இல்லீங்க. ரொம்ப நல்லா ஓட்டிட்டீங்க. அதான் கெட்டுப்போச்சு.”

“அப்படின்னா சரி” என்று சாவியை எடுத்தார்.

நேற்று படகுத்துறைச் சரிவுக்குப் போனோம். மேலேயிருந்து வண்டியை விடுவார், பிரேக்கில் காலை வைப்பார், வைத்த கால் மிதிக்காது. நல்ல சாப்பாட்டைக் குப்பையில் கொட்டச் சொன்ன மாதிரி முகம். வண்டி அதுபாட்டுக்கு உருண்டு கீழே சமதரையில் போய்த்தான் நிற்கும். ஐந்து தடவை இப்படி ஆனது. இப்படியே போனால் வெள்ளிக்கிழமை தேறுமா, பாப்பா என் கைக்கு வருவாளா என்று நினைத்தேன். பின் இருக்கையில் அவருடைய மஞ்சள் மேலாடை கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு சரிவின் அடியில் போய் நடுரோட்டில் நின்று, அவர் ஃபெர்ரியில் காட்டுவாரே, அதே மாதிரி கையைத் தூக்கிக் காட்டினேன். இருபத்தாறு வருஷமாக அந்தக் கைக்கு நிற்காத காரைத் திட்டித் தீர்த்தவர் இல்லையா, மிதித்தார் பார் ஒரு மிதி. இரண்டு முழம் தள்ளி வண்டி அப்படியே நின்றது. அவர் கார்க் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, “கையைச் சரியாக் காட்டல. உள்ளங்கை எனக்குத் தெரியணும்” என்றார்.

அப்புறம் முப்பது தடவை. பதினோராவது தடவைக்குள் அவர் பின்னால் இரண்டு காரும், படுக்கை வைத்த கூண்டுவண்டி இழுத்துக்கொண்டு ஒரு ஜெர்மன் குடும்பமும் வரிசையில் நின்றுவிட்டார்கள். படகுத்துறைப் பக்கம் மஞ்சள் மேலாடை கை காட்டினால் நம் ஜனங்கள் எதற்கென்று கேட்காமல் நிற்பார்கள். ஃபெர்ரி எப்போது வரும் என்று ஜெர்மன்காரர் கேட்டார். இன்னும் பத்தொன்பது தடவை இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன்.

நாளைக்குக் காலை எட்டு மணிக்கு சோல்ஃபிரிட்டிடம் மறுபடி காட்டுகிறோம். தேறிவிடும் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனாலும் நீ மூன்று காரியம் செய். கேட்டைத் திறந்து வை. டிராக்டரை முற்றத்திலிருந்து எடு. ஒருவேளை தேறாமல் போனால், ஓஸ்ஹில்லின் தங்கை விக்டிஸ் பாப்பாவைத் தூக்கட்டும். யார்லே சனிக்கிழமை பந்தயத்துக்கு அந்தப் பக்கம் வருகிறான், அவன் வேனில் டயர்கள் போக ஓர் அங்கிக்கு இடமிருக்கும், அதைக் கொடுத்தனுப்புகிறேன். விக்டிஸ் நல்ல பெண், கையும் உறுதியான கை. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஓஸ்ஹில்லுக்கு என் அன்பு, பாப்பாவின் இரண்டு பாதத்துக்கும் தனித்தனியாக முத்தம், ஆடுகளுக்குப் பொதுவாக ஒரு விசாரிப்பு. உங்கள் எல்லாரையும் கர்த்தர் காக்கட்டும். எழுத்தில் பிழை இருந்தால் நல்லபடியாகத் திருத்திப் படித்துக்கொள்.

உன் அக்கா,
குன்வோர்

பின்குறிப்பு, சனிக்கிழமை காலை: தேறிவிட்டது. தபால்பெட்டிக்கு ஓடினால் இனித் திங்கட்கிழமைதான் எடுப்பார்களாம். ஆகவே கடிதத்தை என் கைப்பையிலேயே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் பிரேக் பிடித்துவிட்டது என்று அர்த்தம், கேட்டையும் டிராக்டரையும் மறந்துவிடு. விக்டிஸைப் பற்றி எழுதினதை அடித்துவிடு, எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்திருக்கும். படித்தது போதும் தம்பி, பாப்பாவை இப்படிக் கொடு.